பருவநிலைச் சேதத்தைக் கடைசி நெடுவரிசையில் கழிக்காதீர்கள்

எக்செல்லில் நான் முதன்முதலாகப் போட்ட பொருளாதார மாதிரியில், ஐம்பது வருடக் கணக்கை முடித்துவிட்டு, கடைசி நெடுவரிசையில் 'பருவநிலைச் சேதம்' என்று 2 சதவீதம் கழித்தேன். கல்யாணச் செலவுப் பட்டியலின் அடியில் 'இதர செலவு' எழுதுவோமே, அதேபோல. அது தப்பு. நீங்களும் ஒரு தாளைத் திறந்துகொள்ளுங்கள், காட்டுகிறேன்.

அடிப்படை வளர்ச்சிக்கு, ஆய்வாளர்கள் பயன்படுத்தும் எஸ்எஸ்பி என்ற ஐந்து எதிர்காலப் பாதைகளில் ஒன்றை எடுங்கள். அவற்றின் ஜிடிபி கணிப்புகளில் பருவநிலைச் சேதம் சேர்க்கப்படவில்லை. நாம்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்து சேத விகிதம். பருவநிலைச் சேதத்தைக் கணக்கிட, பொருளாதார நிபுணர் வில்லியம் நோர்ட்ஹாஸ் உருவாக்கிய டைஸ் மாதிரியில் (2016 பதிப்பு) இது எளிது: வெப்ப உயர்வின் வர்க்கத்தை 0.00236ஆல் பெருக்கினால் போதும். 3 டிகிரி உயர்ந்தால் உற்பத்தியில் 2.1 சதவீதம் போகும். 6 டிகிரிக்கு 8.5. ஆறு டிகிரி சூடேறிய உலகில் இழப்பு அவ்வளவுதானா? எனக்கு நம்பிக்கையில்லை, அதனால் அந்த 0.00236 என்ற பெருக்கெண்ணை இரட்டிப்பாக்கியும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். தவிர, இது உலக சராசரி. ஒரு தனி நாட்டுக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே வெப்பமான நாடுகளுக்கு அடி அதிகம்.

சரி, இதை எங்கே நுழைப்பது? வெயிலில் வேலை நேரம் குறைந்தால் அந்த வருட உற்பத்தியில் கழியுங்கள். வெள்ளத்தில் பாலம் போனால் மூலதனத்தில் கழியுங்கள். புதுத் தொழிற்சாலைக்குப் போகவேண்டிய பணம் பழைய பாலத்தைத் திரும்பக் கட்டப் போய்விடுகிறது. அடுத்த வருட வளர்ச்சியும் சேர்ந்து குறைகிறது. 100 ரூபாய்ப் பொருளாதாரம் வருடம் 4 சதவீதம் வளர்ந்தால் 50 வருடத்தில் 711 ஆகும். முடிவில் 2 சதவீதம் கழித்தால் 696. வளர்ச்சியே 3.7ஆகக் குறைந்தால் 615தான். நான் முதலில் தவறவிட்டது இந்த வித்தியாசத்தைத்தான்.

அப்புறம், நெல் விளைச்சல் இழப்பைத் தனியாகச் சேர்த்தால் கவனம்: டைஸ் சூத்திரத்துக்குள் விவசாயமும் உண்டு, இரண்டு தடவை கழித்துவிடுவீர்கள்.

கடைசியாக, வெப்ப உயர்வை 0 ஆக்கிப் பாருங்கள். எல்லா எண்ணும் பழைய கணிப்புக்கே திரும்ப வேண்டும். என் தாளில் திரும்பவில்லை. 2040க்கான கட்டத்தில் சூத்திரத்துக்குப் பதில் நானே எப்போதோ கையால் தட்டிய ஒரு 2 உட்கார்ந்திருந்தது.