கேனர் வேறு, குக்கர் வேறு: வீட்டில் பிரஷர் கேனிங் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் வந்தால் எங்கள் டென்வர் வீட்டுக் கொல்லையில் பீன்ஸ் காய்த்துத் தள்ளும். பொரியல், கூட்டு, அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு பை என்று கொடுத்துத் தீர்த்தாலும் மிச்சம் கிடக்கும். அக்டோபரில் பனி விழ ஆரம்பித்தால் அப்புறம் மே மாதம் வரை தோட்டத்தில் ஒன்றும் கிடையாது. ஃப்ரீசரும் நிரம்பிவிட்டது. அதனால்தான் பிரஷர் கேனர் வாங்கினேன். காயைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, கேனருக்குள் நீராவி அழுத்தத்தில் சூடாக்கி எடுத்தால், ஃபிரிட்ஜ் இல்லாமலே அலமாரியில் ஒரு வருடம் வரை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கிராமங்களில் பல தலைமுறையாக நடக்கிற வேலை இது. இங்கே தோட்டம் போடும் நம் ஊர்க்காரர்களும் இப்போது ஆர்வமாகக் கேட்கிறார்கள். கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எத்தனை விசில் விடணும்?"

விசில் கணக்கு இங்கே செல்லாது. ஏன் செல்லாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றத் தவறுகள் பாதி தானாகவே விலகிவிடும்.

நாம் ஊறுகாய் போட்டு வளர்ந்தவர்கள். மேலே எண்ணெய் நிற்க வேண்டும், ஈரக்கை படக்கூடாது, ஜாடியின் வாயை வேடு கட்டி வைக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, காற்றுப் படாவிட்டால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிவிட்டது. உண்மையில் ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும். வற்றலையும் வடகத்தையும் காப்பது அவற்றில் ஈரம் இல்லாதது. ஜாடியில் போட்ட பீன்ஸில் இவை எதுவுமே இல்லை. ஈரம் இருக்கிறது, புளிப்பு இல்லை, காற்று இல்லை. கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா வளர்வதற்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை. காற்று இருந்தால் அது வளராது. மண்ணில் எங்கும் இருப்பது. விதை மாதிரி கெட்டியான உறைக்குள் முடங்கி, ஸ்போராகக் காயோடு வீட்டுக்கு வந்துவிடும். காற்றில்லாத ஜாடிக்குள் அது விழித்துக்கொண்டு உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்க வைக்கும், மூச்சுத் தசை வரைக்கும். அந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ கிடையாது.

அந்த ஸ்போர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிற தண்ணீரில் சாகாது. ஒரு மணி நேரம் கொதித்தது போதாது என்று மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. 116 முதல் 121 டிகிரி வரை வேண்டும். அது அழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும். "எங்கள் பாட்டி கொதிநீரில் வைத்துத்தான் செய்வார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று இங்கே பலர் சொல்வார்கள். 2015 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலம் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் பரிமாறினார்கள். கிழங்கு வீட்டில் கேன் செய்தது. பிரஷர் கேனரில் வைக்காமல் கொதிநீரில் வைத்து எடுத்தது. 29 பேருக்கு அந்த நஞ்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோய் வந்தது. ஒருவர் இறந்துபோனார்.

புளிப்பு உள்ள பழங்கள், ஜாம், வினிகர் ஊறுகாய் இவற்றுக்குக் கொதிநீர் போதும். புளிப்பை அளக்கும் பிஎச் எண், புளிப்பு குறையக் குறையக் கூடும்; அது 4.6-க்கு மேலே போகிற காய்கறி, பருப்பு, கறி, மீன் எல்லாவற்றுக்கும் பிரஷர் கேனர்தான். தக்காளி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நமக்குப் புளிப்பாகத் தெரிந்தாலும் நம்பக்கூடாது. ஒரு குவார்ட் ஜாடிக்கு, அதாவது ஏறக்குறைய 950 மில்லிக்கு, பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி கட்டாயம். புதிதாகப் பிழிந்தால் ருசி நன்றாக இருக்கும், ஆனால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும். அதனால் பாட்டில் சாறுதான்.

சரி, வீட்டில் இருக்கிற குக்கரிலேயே செய்யலாமே என்பது அடுத்த யோசனை. குக்கரிலும் வெப்பம் 100-ஐத் தாண்டும், உண்மைதான். ஆனால் கேனிங் அட்டவணையில் போட்டிருக்கும் நிமிடங்கள், பெரிய கேனர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் நேரத்தையும் கணக்கில் எடுத்துத்தான் கணித்தவை. சின்னக் குக்கர் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறிவிடும். ஜாடியின் நடுவில் இருக்கும் காய்க்குச் சேர வேண்டிய சூடு சேராது. குறைந்தது நான்கு குவார்ட் ஜாடிகள் கொள்ளும் பாத்திரத்தைத்தான் கேனராகப் பயன்படுத்த வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. பட்டன் அழுத்தினால் தானே சமைக்கும் மின்சாரக் குக்கர்களுக்கும் இந்த அட்டவணை பொருந்தாது.

என்னை ரொம்ப நாள் ஏமாற்றிய தவறு இனிமேல்தான் வருகிறது. குக்கரில் ஆவி வந்தவுடனே வெயிட்டைப் போட்டுவிடுவோம், இல்லையா? கேனரில் அப்படிச் செய்யக்கூடாது. அடியில் இரண்டு மூன்று அங்குலம் வெந்நீர் விட்டு, தட்டின் மேல் ஜாடிகளை அடுக்கி மூடியதும், மேலே இருக்கிற துளை வழியாக முதலில் ஆவி விட்டுவிட்டு வரும். அப்புறம் அது ஒரே சீராக, விரல் தடிமனில் ஒரு தூண் மாதிரி, சத்தத்தோடு மேலே போகும். அந்தத் தூண் சீராக எழும்ப ஆரம்பித்த பிறகு கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 10 நிமிடம் ஆவியை அப்படியே வெளியே விட வேண்டும். அதன் பின்தான் வெயிட். உள்ளே காற்று தங்கிவிட்டால், காட்டும் அழுத்தம் சரியாக இருந்தாலும் வெப்பம் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. அழுத்தம் காட்டும் முள் 13 பவுண்டில் நிற்கும், நாமும் நிம்மதியாக இருப்போம்; ஜாடிக்குள் இருக்கும் ஸ்போரும் நிம்மதியாக இருக்கும். முதல் இரண்டு தடவையும் நான் இந்த 10 நிமிடம் காத்திருக்காமல் வெயிட்டைப் போட்டுவிட்டேன். புத்தகத்தை மறுபடி படித்தபோதுதான் விஷயம் உறைத்தது. அந்த பதினான்கு ஜாடிகளையும் திறக்காமலே குப்பைக்கு அனுப்பினேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் அனுப்பினேன்.

உயரத்தையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்று நமக்குத் தெரியும். டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் பீன்ஸுக்கு 10 பவுண்டு அழுத்தம் தரும் வெயிட் போதும். 1,000 அடியைத் தாண்டினால் 15 பவுண்டு வெயிட் போட வேண்டும். முள் காட்டும் கேனர் என்றால் 2,000 அடி வரை 11 பவுண்டு, எங்கள் ஊருக்கு 13. நியூ ஜெர்சியில் இருக்கும் உறவுக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அளவை அப்படியே டென்வரில் பின்பற்றுவது ஆபத்து. முள் கேஜை வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளவும் வேண்டும். பல மாவட்டங்களில் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகங்களில் பார்த்துத் தருவார்கள்.

பீன்ஸுக்கு பைண்ட் ஜாடி, அதாவது குவார்ட்டில் பாதி, என்றால் 20 நிமிடம், குவார்ட் என்றால் 25. எலும்பில்லாத கோழிக்கறிக்கு 75, 90. நடுவில் ஒரு நிமிடம் அழுத்தம் இறங்கினாலும் மறுபடி ஏற்றி, நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். மிச்ச நிமிடத்தை மட்டும் சேர்ப்பது தவறு.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அவசரத்துக்குக் கரண்டியால் விசிலைத் தூக்குவதும், குக்கரைக் குழாயடியில் காட்டுவதும் நமக்குக் கைவந்த பழக்கம். கேனரில் அதைச் செய்தால் ஜாடிக்குள் இருக்கும் தண்ணீர் பீறிட்டு வெளியே வரும், மூடி ஒட்டாது, கண்ணாடியே விரிசல் விடலாம். ஆறும் நேரமும் கிருமியைக் கொல்லும் நேரத்தில் சேர்த்தி. அழுத்தம் தானாகப் பூஜ்யத்துக்கு வந்த பிறகு வெயிட்டை எடுத்து, இன்னும் 10 நிமிடம் விட்டு, முகத்துக்கு எதிர்ப்பக்கமாக மூடியைத் திறங்கள்.

ஜாடியை நிரப்புவதில் நான் பார்க்கிற தவறு, கழுத்து வரை அமுக்குவது. காய்கறிக்கும் கறிக்கும் மேலே ஓர் அங்குலம், கோழிக்கறிக்கு ஒன்றேகால் அங்குலம் காலியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கரண்டிக் காம்பை ஓரமாக விட்டுக் காற்றுக் குமிழிகளை எடுங்கள். பிறகு ஈரத்துணியால் ஜாடியின் விளிம்பைத் துடையுங்கள். ஒரு பீன்ஸ் நார் ஒட்டியிருந்தால்கூட மூடி பிடிக்காது. மூடியில் இரண்டு பாகம்: தட்டை மூடி ஒருமுறைக்குத்தான், அதைப் பிடித்து நிற்கும் வளையத்தை மறுபடி பயன்படுத்தலாம். வளையத்தை விரல் நுனி பலத்தில் திருகினால் போதும். முழு பலத்தோடு இறுக்கினால் உள்காற்று வெளியேற வழியில்லாமல் மூடி வளைந்துவிடும்.

அப்புறம், சாம்பார். எல்லோருக்கும் அந்த ஆசை இருக்கிறது, எனக்கும் இருந்தது. பருப்பு கரைந்த கெட்டிக் குழம்புக்குள் சூடு எவ்வளவு நேரத்தில் நடுவரை போகும் என்று பரிசோதித்த அட்டவணை கிடையாது. பூசணியைக்கூட அங்குலத் துண்டுகளாகத்தான் கேன் செய்யலாம், மசித்துச் செய்யக்கூடாது. அரிசி, மாவு, பால், வெண்ணெய், தேங்காய்ப்பால் எதையும் சேர்க்கக்கூடாது. தாளித்த எண்ணெயும் வேண்டாம். நான் கண்டுபிடித்த வழி இது: கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரோடு ஜாடியில் போட்டுக் கேன் செய்கிறேன், பைண்ட்டுக்கு 75 நிமிடம், குவார்ட்டுக்கு 90. குழம்பை அன்றன்று வைத்துக்கொள்கிறேன். வேலை விட்டு வந்த இரவில் பதினைந்து நிமிடத்தில் புளிக்குழம்பு தயார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தல் தேசிய மையம் இந்த அட்டவணைகளை இலவசமாகத் தருகிறது. அதில் இல்லாத பண்டத்தை நான் கேன் செய்வதில்லை.

ஜாடிகளை எடுத்துத் துணிமேல் வைத்ததும் ஒவ்வொன்றாக 'டிக்' என்று சத்தம் வரும். மூடி உள்வாங்குகிற சத்தம் அது. 12 மணி நேரமாவது ஆடாமல் அசையாமல் ஆறவிட்டு, நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும்பினால் ஒட்டவில்லை என்று அர்த்தம். அதை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டுவிடுங்கள். 'டிக்' கேட்டதாலேயே உள்ளே இருப்பது பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காற்றுப் புகாது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வளையத்தைக் கழற்றி, தேதி எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

மூடி உப்பியிருந்தால், கசிந்திருந்தால், திறக்கும்போது பீறிட்டால் நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. நன்றாகத் தெரிகிற ஜாடியையும் சாப்பிடுவதற்கு முன் 10 நிமிடம் கொதிக்கவையுங்கள், 1,000 அடிக்கு ஒரு நிமிடம் கூட்டி. ஸ்போர் அதில் சாகாவிட்டாலும் நஞ்சு அழிந்துவிடும். இவ்வளவுக்கும் பிறகு யாருக்காவது இமை சரிந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பேச்சுக் குழறினால், விழுங்க முடியாமல் போனால் காத்திருக்காதீர்கள். நச்சுமுறிவு மருந்தால் நஞ்சு மேலும் பரவுவதைத்தான் தடுக்க முடியும், ஏற்கெனவே செயலிழந்த நரம்பை உடனே மீட்க முடியாது. அவசரப் பிரிவுக்குப் போனதும் முதல் வாக்கியமாக, "வீட்டில் கேன் செய்ததைச் சாப்பிட்டோம்" என்று சொல்லுங்கள்.