மிட்வைஃப் ஸ்கேன் கத்துக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது

முதல்லயே சொல்லிடறேன், இது இந்தியாவுல வேலை பார்க்குறவங்களுக்கு இல்ல. இங்க 1994 பிசிபிஎன்டிடி சட்டப்படி (கருவுல ஆணா பொண்ணான்னு பார்க்கறதைத் தடுக்கற சட்டம்) நர்ஸோ மிட்வைஃபோ ஸ்கேன் பண்ண முடியாது, எம்பிபிஎஸ் மட்டும் முடிச்ச டாக்டரே அதுக்குன்னு ஆறு மாச ட்ரெயினிங் எடுக்கணும், அதனால யாராச்சும் "சும்மா வச்சுப் பாருங்க சிஸ்டர்"னு ப்ரோபை (வயித்து மேல வச்சு ஓட்டற ஸ்கேன் கருவி) நீட்டினாலும் தொடாதீங்க. உகாண்டா, கென்யா பக்கம் கிராமத்து கிளினிக்ல டாக்டரே இருக்க மாட்டாரு, அங்க மிட்வைஃபுக்கே ட்ரெயினிங் குடுத்து பேசிக் ஸ்கேன் பண்ண வைக்கறாங்க. அந்த மாதிரி இடத்துக்கு வேலைக்குப் போறவங்களுக்குத்தான் இது.

மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி வயித்தைத் தொட்டுப் பாருங்க. தலை எங்க, முதுகு எந்தப் பக்கம்னு பால்பேஷன்ல தோணினதை எழுதி வச்சுட்டு அப்புறம் ஸ்கேன்ல சரிபாருங்க, இல்லன்னா கை மறந்துடும், கரண்ட் போன அன்னைக்கு மாட்டிப்பீங்க. மாசம் ஏறின மதரை நேரா மல்லாக்கப் படுக்க வைக்காதீங்க, இடது பக்கம் லேசா சாய்ச்சு ஒரு துணியை மடிச்சு முதுகுக்கு அடியில வைங்க, இல்லன்னா பிபி இறங்கி மயக்கம் வரும்.

ப்ரோபை அடிவயித்துல, பியூபிக் எலும்புக்கு மேல குறுக்க வைங்க, மண்டை ஓடு வட்டமா தெரிஞ்சா தலை கீழ. அப்புறம் குழந்தையோட ஹார்ட்பீட், நிமிஷத்துக்கு 110ல இருந்து 160 வரைக்கும் நார்மல். அடுத்து எத்தனை குழந்தைன்னு பார்க்கணும், ஒரு தலையைப் பார்த்ததும் நிறுத்திடறதாலதான் ட்வின்ஸ் மிஸ் ஆகுது, கீழ இருந்து மேல வரைக்கும் ரெண்டு பக்கமும் முழுசா ஓட்டணும். குழந்தையைச் சுத்தி இருக்கற தண்ணி பார்க்கும்போது ப்ரோப் தரைக்கு செங்குத்தா இருக்கணும், தொப்புள்கொடியோ கை காலோ இல்லாத ஆழமான பாக்கெட்டை மேலிருந்து கீழ அளங்க, 2 சென்டிமீட்டருக்குக் கீழன்னா கம்மி, 8க்கு மேலன்னா ஜாஸ்தி.

நஞ்சுக்கொடி (ப்ளசென்டா) விஷயத்துலதான் புதுசா கத்துக்கறவங்க ரொம்ப தடுமாறுவாங்க. யூரின் முட்டி நின்னா சாதாரண ப்ளசென்டாகூட கீழ இறங்கின மாதிரி தெரியும், பாத்ரூம் போயிட்டு வரச் சொல்லி மறுபடி பாருங்க. அப்பவும் கர்ப்பப்பை வாயை மூடின மாதிரியே இருந்தா பிவி (பிறப்புறுப்பு வழியா விரல் விட்டுப் பார்க்கறது) பண்ணவே கூடாது, உடனே ரெஃபர்.

தேதி கணக்கு இன்னொரு தலைவலி. முதல் மூணு மாசத்துல சிஆர்எல் (குழந்தையோட உச்சந்தலையில இருந்து புட்டம் வரைக்கும் உள்ள நீளம்) வச்சுப் போட்ட தேதி இருந்தா அதுதான் கணக்கு, 28 வாரத்துக்கு மேல எடுக்கற ஸ்கேன் மூணு வாரம் வரைக்கும் முன்ன பின்ன காட்டும், அதை நம்பி பழைய தேதியை அடிச்சுட்டு புதுசு எழுதாதீங்க. டபிள்யூஎச்ஓ 2016ல 24 வாரத்துக்குள்ள ஒரு ஸ்கேன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மதர்கிட்ட "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொல்லாதீங்க. குறைபாடு பார்க்கற ஸ்கேன் இது இல்லைங்கறதை ஆரம்பத்துலயே சொல்லிடுங்க, பார்த்ததை மட்டும் சொல்லுங்க.

கோர்ஸ் விஷயத்துல என் கருத்து, ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் சர்டிஃபிகேட் சுவத்துல மாட்டத்தான் ஆகும். சேர்றதுக்கு முன்னாடி கேளுங்க: பக்கத்துல ஆள் நின்னு சொல்லித்தர எத்தனை ஸ்கேன் பண்ண விடுவீங்க, ஊருக்குத் திரும்பின பிறகு என் படங்களை யார் பார்த்து தப்பு சொல்லுவாங்க, ராத்திரி சந்தேகம் வந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடறது, ஜெல் தீர்ந்தா யார் வாங்கித் தருவாங்க, ப்ரோப் போனா யார் ரிப்பேர் பண்ணுவாங்க. கடைசி ரெண்டுக்கும் பதில் இல்லாத கிளினிக்ல மெஷின் சீக்கிரமே துணி போட்டு மூடி மூலையில நிக்கும்.