அறிவியல் செய்திக்குக் கீழே கருத்து எழுதுவதற்கு முன்

ஜூலை பிறந்தால் போதும், பினாங்கில் நம் புலனக் குழுக்களில் 'அஃபீலியன்' (பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் நிலை) பற்றிய செய்தி வந்து விழும். பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகிறது, ஆகஸ்டு வரை குளிர், சளி, இருமல், எல்லாரும் பத்திரம் என்று. (பினாங்கில் குளிராம்!) உடனே பதில் போடக் கை துறுதுறுக்கும். போடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் செய்தியில் இருக்கும் எண்ணைப் பிடியுங்கள்.

அதில் வழக்கமான தூரம் 9 கோடி கிலோமீட்டர், இப்போது 15.2 கோடி என்று இருக்கும். 15.2 சரிதான், 9 தான் தப்பு. சராசரி தூரமே ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர். மைலில் சொன்னால் 9.3 கோடி, யாரோ மைலைக் கிலோமீட்டர் என்று எழுதிவிட்டார்கள் போல. ஜனவரியில் மிக அருகில் வரும்போதுகூட 14.7 கோடி. ஆக வித்தியாசம் 3 சதவீதம் சொச்சம், அதுவும் வருஷா வருஷம் நடப்பது, போதாததற்கு அதே ஜூலையில்தான் ஐரோப்பாவில் கோடை. இதை இரண்டு வரியில் எழுதினாலே போதும். வெறுமனே 'பொய்' என்று போட்டால் அனுப்பிய மாமாவுக்குக் கோபம் வரும், செய்தி அடுத்த குழுவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம், எண் சரியாகவே இருந்தாலும் எதோடு எதை ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் அணு இணைவில், அதாவது சிறு அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் முறையில், லேசரால் 2.05 மெகாஜூல் ஆற்றல் கொடுத்து 3.15 எடுத்தது. உண்மை, பெரிய சாதனையும்கூட. ஆனால் அந்த 2.05 என்பது இலக்கில் விழுந்த லேசர் ஒளியின் கணக்கு மட்டும். அந்த லேசரை ஓட்டச் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் போயிருக்கிறது. இது தெரிந்தால் 'இனி கரண்ட் பில்லே இல்லை' என்று எழுத மாட்டீர்கள்.

'உலகிலேயே முதல்முறை' என்றால் கொஞ்ச நாள் பொறுப்பது நல்லது. 2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 என்ற பொருள் வந்தது, அறை வெப்பத்திலேயே மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது) என்று உலகமே குதித்தது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் இல்லை, மின்தடை சட்டென்று இறங்கியதற்குக் காரணம் உள்ளே கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு என்று ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது.

மருந்துச் செய்தியா? எலிக்கா மனிதருக்கா என்று பாருங்கள், பாதிக்கு மேல் அங்கேயே முடிந்துவிடும். சில்லு (சிப்) பற்றிய செய்தி என்றால் பினாங்குக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒருவராவது சொந்தத்தில் இருப்பார். ஆய்வுக்கூடத்தில் ஒன்று செய்ததற்கும் லைனில் லட்சக்கணக்கில் ஓட்டுவதற்கும் எவ்வளவு தூரம் என்று அவரைக் கேளுங்கள், தே தாரிக் ஆறும்வரை பேசுவார்.

எதுவும் பிடிபடவில்லையா, சரி, 'இது எங்கே வந்தது, லிங்க் இருக்கா?' என்று மட்டும் கேளுங்கள். அனுப்பியவர் பெரியவர் என்றால் குழுவில் வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.