கணக்கு இடிக்கிறதா? வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள்

பில்லும் பேரேடும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுங்கள். மீதி இல்லையென்றால், ஏதோ ஒரு தொகையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

திருநெல்வேலி டவுனில் ஒரு கருப்பட்டிக் கடை வரவு 7,46,382 ரூபாய்; அதை 7,46,832 என்று எழுதிவிட்டதாக வையுங்கள். வித்தியாசம் 450, வகுத்தால் 50. இதில் 5 பத்தின் இடத்தில் நிற்கிறது. அதாவது பத்து, நூறு இடங்களில் 5 வித்தியாசமுள்ள இலக்கங்கள் மாறியுள்ளன. இங்கே 3, 8. அப்படிப்பட்ட வரிகளை மட்டும் தேடினால் போதும், நேரம் எவ்வளவோ மிச்சம்.

10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். அதனால் இலக்கங்கள் இடம் மாறினாலும் மீதி மாறாது, எண் எத்தனை பெரிதானாலும் சரி. மீதி ஒன்றாக உள்ள இரண்டு எண்களைக் கழித்தால் வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடும்.

ஆனால் 500-ஐ 50 என்று எழுதினாலும் இதே 450 வரும்; அதையும் பார்த்துவிடுங்கள். ஒரு வரியே விடுபட்டிருந்தாலோ, வேறு தப்பும் சேர்ந்திருந்தாலோ இந்த வழி உதவாது.