கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா?

மண்டபம், தொண்டிப் பக்கத்துக் கடல் ஆய்வகங்களுக்குப் புதிதாக வரும் மாணவர்கள், அந்த வயதில் நாங்கள் செய்த தவறுகளையே மறுபடியும் செய்கிறார்கள். கோட்டு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி பற்றி நான் சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரியும். ரசாயனம் கண்ணில் தெறித்தால், தரையில் சிந்தினால் என்ன செய்வது என்பதைத்தான் சொல்கிறேன்.

திறந்து பார்க்காத குழாய்

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. கண் கழுவும் குழாயின் அருகே தொங்கும் அட்டையில் வாரந்தோறும் கையெழுத்து இருக்கும்; குழாயைத் திறந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஓர் ஆய்வகத்தில், மிதவை உயிரி மாதிரிகள் கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றிக்கொண்டிருந்த மாணவியின் கண்ணில் அது தெறித்துவிட்டது. குழாயைத் திறந்தோம். துருநீர் வந்தது, பிறகு நூல்போல் ஒழுகியது, பிறகு வெறும் காற்று. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். கேனில் பாதிதான் இருந்தது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அவள் பட்ட வேதனை தேவையே இல்லாதது.

இமைகளை விரித்துப் பிடித்து 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அமெரிக்கத் தரநெறியான இசட்358.1 கண் குழாய்க்குக் கேட்பது நிமிடத்துக்கு 1.5 லிட்டர், மொத்தம் ஏறத்தாழ 23 லிட்டர். உடம்பில் ரசாயனம் கொட்டினால் கழுவும் அவசர ஷவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 76 லிட்டர். 15 நிமிடத்துக்கு 1,100 லிட்டருக்கும் மேல். மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியிலிருந்தே கழிப்பறைக்கும் மீன் தொட்டிகளுக்கும் தண்ணீர் போனால், காவிரிக் குடிநீர் வராத நாளில் என்ன மிஞ்சும்? ஷவருக்குத் தனித் தொட்டி கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.

நம் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். உவர்நீர் துளைகளை அடைத்துவிடும். வாரம் ஒருமுறை தெளிந்த நீர் வரும்வரை திறந்துவிடுங்கள். சித்திரையில் நண்பகலிலும் ஒருமுறை கையில் பிடித்துப் பாருங்கள். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நீர் கண்ணுக்கு ஆகாது. மொட்டைமாடிக் குழாயில் அதைவிடச் சூடாகவே வரும்.

கடற்கரை மணல்

சிந்திய ரசாயனத்தின் மேல் போடுவதற்கு, வாசலிலேயே கிடைக்கிறது என்று வாளியில் அள்ளி வைக்கிறார்கள். அதிலுள்ள சிப்பித் துண்டுகள் அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும். உப்பின் மேல் அடர் கந்தக அமிலம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். கழுவி உலர்த்திய ஆற்று மணலை வையுங்கள். சிறிய அமிலச் சிந்தலுக்குச் சோடியம் பைகார்பனேட்டை ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லத் தூவுங்கள்.

மரத்தூள்

சிந்திய அடர் நைட்ரிக் அமிலத்தின் மேல் போட்டால் தீப்பற்றக்கூடும்.

பிளீச்சிங் பவுடர்

அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு. துப்புரவுப் பணியாளருக்கும் இதைச் சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு.

108

அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை கழுவிக்கொண்டே இருங்கள். ரசாயனத்தின் பெயரையும் அடர்த்தியையும் தாளில் எழுதி, அடிபட்டவரோடு ஒருவரையும் அனுப்புங்கள்.