மசாலாவைத் துடைத்துவிட்டுச் சுடுங்கள்
போர்க் சாப்ஸை (பன்றிக்கறித் துண்டுகளை) கிரில்லில் வைப்பதற்கு முன், ஊறிய மசாலாவை டிஷ்யூவால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். மேலே ஈரம் இருந்தால் கறி சிவக்காது, அவித்தது போல வெளுத்துக் கிடக்கும். மிளகாய்த்தூளும் தேனும் சர்க்கரையும் கறி வேகும் முன்பே கருகிக் கசக்கும். உப்பு ஏற்கெனவே உள்ளே இறங்கியிருக்கும். அப்புறம் காரம்? ஊறப்போடும் முன்பே இரண்டு ஸ்பூன் மசாலாவைத் தனியாக எடுத்து வைத்து, கடைசி 2 நிமிடத்தில் தடவுங்கள். பச்சைக் கறி ஊறிய மிச்சத்தைத் தடவக் கூடாது. உள்ளே 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, 3 நிமிடம் அப்படியே விட வேண்டும்.

வெறும் பொடியை உலர்வாகத் தடவியிருந்தால் துடைக்க வேண்டாம். அதில் சர்க்கரை இருந்தால் மட்டும் தீயைக் குறையுங்கள்.