துருக்கிப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கிக்குப் போகிறவர்கள் பலருடைய திட்டம் ஒன்றுபோலவே இருக்கும். இஸ்தான்புல்லில் இரண்டு மூன்று நாள், கப்படோக்கியாவில் பலூன், பமுக்கலேயின் வெள்ளைப் படிகள், அப்புறம் ஊர் திரும்பும் விமானம். இந்த இடங்கள் எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்த மண்ணில் யாருக்குப் பின் யார் வந்து வாழ்ந்தார்கள் என்று கொஞ்சமாவது தெரிந்துகொள்ளாமல் போனால், படம் எடுத்ததோடு பயணம் முடிந்துவிடும்.

துருக்கியின் வரலாறு சுல்தான்களோடு தொடங்குகிறது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. துருக்கியர்கள் இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவுக்குள் பெருமளவில் குடியேறியது 1071இல் நடந்த மன்சிகர்ட் போருக்குப் பிறகு. அதற்கு வெகுகாலம் முன்பே ஹிட்டைட்டுகள், கிரேக்கர்கள், ரோமானியர்கள், ஆர்மீனியர்கள் எல்லாரும் அங்கே ஊர் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். ஷான்லிஉர்ஃபா அருகே கோபெக்லி தெபேயில் நிற்கும் கல்தூண்களுக்கு ஏறத்தாழ 11,000 வயது. ஹிட்டைட்டுகளும் எகிப்தியரும் செய்துகொண்ட கதேஷ் சமாதான உடன்படிக்கையின் களிமண் பலகை இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுல்தான்கள் வாழ்ந்த தோப்கபி அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருந்தும், அரண்மனைக்குப் போகிற கூட்டத்தில் பலர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 532இல் மூண்ட கலவரத்தில் பழைய தேவாலயம் எரிந்துபோக, பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் 537க்குள் இன்றைய கட்டடத்தை எழுப்பினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் நிலநடுக்கங்களால் குவிமாடம் சரிந்தது, திரும்பக் கட்டினார்கள். 1453இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்ததும் அது பள்ளிவாசலானது. 1934இல் அதை அருங்காட்சியகமாக்க அரசு முடிவு செய்தது. 2020இல் மறுபடி பள்ளிவாசலாக்கியது. கிறிஸ்தவர் கட்டியது, முஸ்லிம்கள் எடுத்துக்கொண்டது என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போவதில் நிறைய விட்டுப்போகிறது. மேல்மாடத் தரையில் என்ரிக்கோ டாண்டலோவின் பெயர் பொறித்த கல் ஒன்று உண்டு. வெனிஸின் ஆட்சித்தலைவரான அவர் முன்னின்று நடத்திய சிலுவைப் படைதான் 1204இல் இந்தக் கிறிஸ்தவ நகரைச் சூறையாடியது. அதே மாடத்தின் கைப்பிடிச் சுவரில், வட ஐரோப்பாவிலிருந்து வந்த வைக்கிங் ஒருவர் தன் பெயரைக் கீறிவைத்த, அவர்களுடைய பழைய ரூன் எழுத்துகளும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகள் இப்போது கட்டணம் செலுத்தி இந்த மேல்மாடத்துக்குத்தான் போக முடியும். கீழ்த்தளம் தொழுகைக்கு உரியது. அதைக் குறையாக நினைத்து அவசரமாக இறங்கிவிடாதீர்கள். இயேசுவும் மரியாளும் உள்ள புகழ்பெற்ற டீசிஸ் மொசைக் ஓவியம் மேலேதான் இருக்கிறது.

அடுத்து, துருக்கியை அரபு நாடு என்று எண்ணிக்கொண்டு போவது. மொழி வேறு, இனம் வேறு. 1928இலிருந்து எழுதுவதும் லத்தீன் எழுத்தில்தான். நம் ஊரில் துருக்கித் தொப்பி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் துருக்கியில் 1925இலேயே சட்டம் போட்டு அந்தத் தொப்பியை விலக்கிவிட்டார்கள். கடையில் விற்கிறார்களே என்று வாங்கி மாட்டிக்கொண்டு, இதுதான் துருக்கிப் பண்பாடு என்று நினைக்க வேண்டாம். அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தவர் முஸ்தபா கெமால் அத்தாதுர்க். 1923இல் குடியரசை நிறுவியவர். நவம்பர் 10 அன்று காலை 9.05க்கு, அவர் மறைந்த நேரத்தில், சைரன் ஒலிக்கும். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பார்கள். அந்த நாளில் அங்கே இருந்தால் நீங்களும் நில்லுங்கள். அவரை இழிவுபடுத்துவது அங்கே குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுழன்றாடும் தர்வேஷ்கள் எனும் சூஃபித் துறவிகளை இரவு விருந்தோடு சேர்த்துக் காட்டும் நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டு, சூஃபிக் கவிஞர் ரூமியைத் தெரிந்துகொண்டதாக நினைப்பவர்களும் உண்டு. ‘செமா’ எனும் அந்தச் சுழலாட்டம் வழிபாடு. நடுவில் கைதட்டக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. முடிந்தால் கொன்யாவுக்கே போங்கள். ரூமி அடக்கமான இடம் அங்கேதான். அவர் மறைந்த டிசம்பர் 17ஐ ஒட்டி ஆண்டுதோறும் பெரிய அளவில் செமா நடக்கும். 1925இல் தர்வேஷ் மடங்களை அரசு மூடியதால், அவருடைய மடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே வந்து கண்மூடிப் பிரார்த்திக்கும் உள்ளூர் மக்களைப் பார்த்தால் அந்தப் பெயர்ப்பலகை எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று புரியும்.

ஃபெத்தியே கடற்கரைக்குப் போகிறவர்கள் பக்கத்தில் உள்ள கயாகோயை ‘பேய் ஊர்’ என்று சொல்லிப் படம் பிடித்துப் போடுவதும் சரியில்லை. 1923 உடன்படிக்கையால் துருக்கியின் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸின் முஸ்லிம்கள் துருக்கிக்கும் இடம்மாற வேண்டிவந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். கூரையற்று நிற்கும் அந்தக் கல்வீடுகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. இதையும், ஆர்மீனியர்களுக்கு 1915இல் நேர்ந்த படுகொலைகளையும் வெளியேற்றத்தையும் பற்றி அறிமுகமில்லாதவர்களிடம் எடுத்தவுடன் வாதம் செய்யாதீர்கள். படித்துவிட்டுப் போங்கள், அங்கே காது கொடுத்துக் கேளுங்கள்.

பழக்கவழக்கத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாம் தலையை இருபுறமும் ஆட்டிச் ‘சரி’ என்போம். அங்கே அப்படி ஆட்டினால் ‘புரியவில்லை’ என்று எடுத்துக்கொள்வார்கள். புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து ‘ச்’ கொட்டினால் ‘இல்லை’ என்று பொருள். எரிச்சலில் செய்வதாக நினைக்க வேண்டாம். தேநீரில் பால் கேட்காதீர்கள். துருக்கிக் காபியில் தூள் அடியில் படியும்வரை பொறுங்கள், வண்டலைக் குடிக்காதீர்கள். சைவம் கிடைக்காது என்று பயந்து மூன்று வேளையும் இந்திய உணவகம் தேடுவது வீண். பருப்பு சூப், ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறிகள், பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்துச் சுடும் கோஸ்லெமே ரொட்டி என்று நிறைய இருக்கிறது. சூப்பில் மட்டும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டியை வீணாக்குவதும் கண்ட இடத்தில் போடுவதும் அவர்கள் மனதை நோகடிக்கும்.

பள்ளிவாசலுக்குள் போகும்போது காலணியைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. பெண்கள் தலையை மூட ஒரு துணி வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் போகாதீர்கள். இஸ்தான்புல்லின் பெருஞ்சந்தைக்கு (கிராண்ட் பஜார்) ஞாயிறு விடுமுறை, தோப்கபிக்குச் செவ்வாய். சந்தையில் கம்பளத்துக்குப் பேரம் பேசலாம். உணவகத்திலும் மளிகைக் கடையிலும் பேசுவது அழகில்லை.

கடைசியாக, இது சட்டச் சிக்கல். எபேசஸ் போன்ற பழங்கால இடிபாடுகள் உள்ள இடங்களில் ‘பழைய காசு’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். போலியாக இருந்தால் பணம் போகும், உண்மையாக இருந்தால் விமான நிலையத்தில் பிடிபடுவீர்கள். தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இடிபாடுகளில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூடப் பையில் போடாதீர்கள். பழைய கம்பளம் வாங்கினால், அது தொல்பொருள் இல்லை என்று அருங்காட்சியகம் தரும் சான்றிதழைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.